மேப்பில் தெரியாத கார்

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்து மூட்டம். துணி எதுவும் காயவில்லை. மாவு பொங்கி ஃப்ரிட்ஜெல்லாம் நாசம்.

காருக்குள் இருக்கிற சிம்முக்கு மூன்று வருஷ இலவசம் முடிந்துவிட்டதாம். இனி பணம் கட்டினால்தான் நெட். ஷோரூம்காரன் போனில் "ரின்யூ மாடி சார்" என்று கன்னடத்தில் கெஞ்ச, இவர் எகிறினார்.

"காரையும் தலையில கட்டிட்டு, அதுக்கு வருஷா வருஷம் கப்பம் வேற கட்டணுமா? ஒரு பைசா தரமாட்டேன். சார்ஜ் போட்டா ஓடுதில்ல, அது போதும்."

ரிடையர் ஆனதிலிருந்து இவருக்கு, கார் எங்கே இருக்கிறது என்று காட்டுகிற அந்த ஆப்தான் ஆபீஸ். கார் என் பேரில். ஓட்டுவது நான். ஆப் மட்டும் இவர் போனில். மல்லேஸ்வரத்தை விட்டு நாலு தெரு தள்ளிப் போனால் போதும், போன் வந்துவிடும். "அந்தப் பக்கம் என்ன வேலை?" வீட்டில் உட்கார்ந்தபடியே கார் கதவைப் பூட்டுவார், ஏசி போடுவார். வாங்கின புதிதில் மால் பார்க்கிங்கில் கார் எங்கே நிற்கிறது என்று தெரியாமல், பட்டனைத் தட்டி ஹாரன் அடிக்க வைத்தார். சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். அப்போது நானும் சிரித்தேன்.

சாயங்காலம் ஆப்பைத் திறந்து காட்டினார். மேப்பில் கார் இல்லை. தொடர்பு இல்லை என்று மட்டும் வருகிறது. "கருமம்" என்று போனைச் சோபாவில் வீசினார். அடுப்படிக்குப் போய் நின்றேன். துடைத்த மேடையையே மறுபடி துடைத்தேன். சந்தோஷத்தில்தான்.

ஜூன் 5, வியாழன்

தூறல். போய்விட்டேன். ஸ்ரீராம்புரம், நி. வீட்டுக்கு. (நித்யா என்று முழுசாக எழுதக் கை வரவில்லை.)

பெற்ற மகள் வீடு. காரில் கால் மணி நேரம்கூட இல்லை. போன வருஷம் அவள் பிரகாஷை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்ட அன்று இவர் தலை முழுகினார். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே. விளக்கு வைக்கிற நேரத்தில் பச்சைத் தண்ணீரில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரத் துண்டைப் பால்கனிக் கொடியில் போட்டார். "இந்த வீட்ல ஒரு சாவு விழுந்துச்சு. முடிஞ்சுது. ஆயித்து" என்றார். மறுநாள் வழக்கம்போல் பேப்பர் படித்தார். அவள் பேரை அதற்கப்புறம் இந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை.

சந்துக்குள் கார் போகாது. முனையில் குழாயடிப் பக்கம் விட்டேன். அங்கிருந்து இரண்டாவது வீடு.

ஏழாம் மாதம் நடக்கிறது. முகம் வெளுத்து, கால் வீங்கி. என்னைக் கண்டதும் ஓடி வருவாள், அழுவாள் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். முதல் வார்த்தை: "காரை எங்கம்மா விட்ட? அப்பா பாத்துருவாரே." அதுதான் தாங்க முடியவில்லை.

பிரகாஷின் அம்மா முனியம்மா. கார்ப்பரேஷனில் தெரு பெருக்கும் வேலை. யூனிஃபார்ம் கோட்டு ஆணியில் தொங்குகிறது. "வாங்க சம்பந்தி, இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். காபி கொடுத்தார். வாங்கும்போது ஒரு கணம் தயங்கினேன். அவர் பார்த்துவிட்டார். என்னை எனக்கே பிடிக்கவில்லை. முழுக்கக் குடித்தேன். நல்ல காபி.

ஜூன் 10, செவ்வாய்

வெயில், புழுக்கம். கேஸ் புக் பண்ண வேண்டும். இவருக்குக் கண் சொட்டு மருந்து.

மறுபடி போனேன். முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் கொண்டுபோனேன். ரத்தம் குறைவு, பிரஷர் வேறு. முன்கூட்டியே பிரசவம் ஆனாலும் ஆகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நி. என் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள், சின்ன வயதுப் பழக்கம்.

"இருபதாம் தேதி வளைகாப்பு வைக்கிறாங்க. வருவியா?"

"வருவேன்."

"பிரசவத்துக்கு?"

"உன் பக்கத்துலதான் இருப்பேன்டி."

சொல்லிவிட்டேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை. மேப்பில் கார் தெரியாத தைரியம்.

ஜூன் 13, வெள்ளி

நல்ல மழை. ஸ்கேனுக்கு நான்தான் கூட்டிப்போனேன். பிரகாஷ் கூரியர் வேலைக்கு லீவ் போட்டு முன்சீட்டில். வழியெல்லாம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், ஒன்வேயை மாற்றியிருக்கிறார்கள், எனக்குத் திசையே புரியவில்லை.

"என்ன அத்தை, இவ்ளோ பெரிய ஸ்கிரீன் சும்மா கெடக்குது? இருங்க." தன் போன் ஹாட்ஸ்பாட்டைக் காரோடு சேர்த்துவிட்டான். "எங்க வீட்டு டிவியே இதுலதான் ஓடுது. நாள் பூரா ஆன்லதான் இருக்கும். இனி நீங்க வந்தாலே தானா புடிச்சுக்கும்."

மேப் வந்தது. பாட்டு வந்தது. ஓரத்தில் ஒரு வட்டம் ரொம்ப நேரம் சுற்றிக்கொண்டிருந்தது. நல்ல பிள்ளை. நான் கேட்காமலே செய்தான்.

குழந்தை நன்றாக இருக்கிறது. இதயத் துடிப்பு கேட்டேன். திரும்பும்போது நி. பின்சீட்டில் தூங்கிவிட்டாள், வாய் லேசாகத் திறந்து.

ஜூன் 14, சனி

இவரிடம் இன்று சத்தமே இல்லை. காபி அவரே போட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இல்லாத அதிசயம்.

"நேத்து எங்க போன?"

"பழைய ஸ்கூல் டீச்சர் ஒருத்தங்க வீட்டுக்கு."

"ஆஸ்பத்திரியிலேருந்து வந்தாச்சா அவங்க?"

ஆஸ்பத்திரி என்று நான் வாயே திறக்கவில்லை.

அவர் குளிக்கப் போனதும் போனை எடுத்துப் பார்த்தேன். ஆப்பில் எல்லாம் இருக்கிறது. நேற்றைக்கு மட்டுமில்லை, ஐந்தாம் தேதியிலிருந்து. ஸ்ரீராம்புரம். ஸ்ரீராம்புரம். எப்போது நிறுத்தினேன், எவ்வளவு நேரம் நின்றது, எல்லாம். நெட் இல்லாத நாளெல்லாம் கார் தனக்குள்ளேயே சேர்த்து வைத்திருக்கிறது. பிரகாஷ் போனைச் சேர்த்ததும் மொத்தத்தையும் கொட்டிவிட்டது. அந்த வட்டம் சுற்றினது அதற்குத்தான்.

கத்தியிருந்தால் தேவலை. தட்டை வீசியிருந்தால் தேவலை. ரசம் நன்றாக இருக்கிறது என்றார்.

ஜூன் 17, செவ்வாய்

மூட்டம். தலைவலி. பிரகாஷிடம் சொல்லவில்லை, சொன்னால் நொந்துபோவான்.

இவர் காலண்டர் முன்னால் நின்றுகொண்டு, இருபதாம் தேதியில் நான் வைத்திருந்த சின்னப் புள்ளியைத் தொட்டு, திரும்பாமலே: "வெள்ளிக்கிழமை முகூர்த்த நாள் போலருக்கே."

அரிசியைக் களைந்துகொண்டே இருந்தேன்.

"தாராளமா போ. ஆனா போனா போனதுதான்."

அவ்வளவுதான். கண் சொட்டு மருந்து விடச் சொல்லி முகத்தை அண்ணாந்து காட்டினார். விட்டேன். கை ஆடாமல் விட்டேன், அது எப்படி என்றுதான் ஆச்சரியம். எனக்கு இந்த வீட்டை விட்டால் போக்கிடம் இல்லை. அவளுக்கு என்னை விட்டால் அம்மா இல்லை.

ஜூன் 20, வெள்ளி

எட்டாவது கிராஸ் தெருக் கடையில் கண்ணாடி வளையல், பச்சையும் சிவப்பும். மல்லிகை. புளிசாதம், தேங்காய்சாதம், எலுமிச்சை, தயிர், சர்க்கரைப் பொங்கல், ஐந்தும் விடியுமுன் செய்து முடித்தேன். இவர் ஹாலில் பேப்பரோடு. தூக்குகளை எடுத்துக்கொண்டு அவர் முன்னாலேயே போனேன். தலை நிமிரவில்லை.

பஸ்ஸில் போகலாமா என்று யோசித்தேன். எதற்கு? இனி யாரிடம் ஒளிக்க?

நி. மணையில், சிவப்புப் புடவை. முகத்தில் இத்தனை நாளில்லாத களை. வேப்பங்கொத்துக் காப்பை முதலில் அம்மாதான் போட வேண்டும் என்று முனியம்மா பிடிவாதம். அவள் கையைப் பிடித்தேன்.

முனையில் ஹாரன்.

யாரோ வண்டி எடுக்க வழி கேட்கிறார்கள் என்று நினைத்தேன். நின்றது. மறுபடி. நின்றது. மறுபடி. வாசலில் நின்ற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். "அம்மா, உங்க காரு தானா கத்துது. உள்ள ஆளே இல்ல. லைட்டு வேற அடிக்குது."

நி. கை என் கைக்குள் ஜில்லென்று ஆகிவிட்டது. "அப்பாவா?"

பிரகாஷுக்கு அப்போதுதான் புரிந்தது. முகம் செத்துப்போனது. "என் நெட்டுல வருது அத்தை. ஆஃப் பண்ணா நின்னுரும்." போனை எடுத்தான்.

"வேணாம். அடிக்கட்டும்" என்றேன். எனக்கே அடையாளம் தெரியாத குரல். "நான் எங்க இருக்கேன்னு தெரியட்டும்."

முனியம்மாதான் காப்பாற்றினார். "மேளம் வைக்கலையேன்னு பாத்தேன். சம்பந்தி அனுப்பிட்டாரு, பாருங்க!" கூட்டமே சிரித்தது. நி. மட்டும் சிரிக்கவில்லை. அந்தச் சத்தத்திலேயே காப்பு போட்டேன், வளையல் அடுக்கினேன், கன்னத்தில் சந்தனம் பூசினேன். பாட்டு பாடினார்கள். நடுவில் எப்போதோ ஹாரன் நின்றுபோயிருந்தது. நின்றதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கிளம்பும்போது நி., "இங்கயே இரும்மா" என்றாள். நாளைக்கு வருகிறேன் என்றேன்.

ஆறு மணிக்கு வீடு. கதவு திறந்தே இருந்தது. இவர் அறைக்குள். கதவைத் தட்டினேன். காபி போட்டுக் கதவருகில் வைத்தேன், ஆறி ஏடு கட்டிவிட்டது. மழை பிடித்துக்கொண்டது. துணி நனையுமே என்று பால்கனிக்கு ஓடினேன். காலையில் நான் போட்ட புடவை காய்ந்திருந்தது. அதன் பக்கத்தில் இவர் துண்டு, சொட்டச் சொட்ட.