வானத்துக்கு முதுகு காட்டி நின்றவனுக்கு

மச்சான்,

இன்று செங்கல்பட்டில் பயிற்சி வகுப்பு. முன்வரிசையில் ஒருவர் கழுத்தில் தைலம் தேய்த்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்குப் பாடம் ஓடவில்லை. தீயணைப்பு வண்டியில் உன் பக்கத்தில் உட்கார்ந்த பாவத்துக்கு, என் சட்டையிலும் ஒட்டிக்கொண்டு தினமும் வீடு வரை வந்த வாடை அது. தீயணைப்புக்காரனுக்கு மாடி ஏற வரும், மாடியை அண்ணாந்து பார்க்க மட்டும் வராது என்று, கழுத்துவலிக்குப் பட்டை மாட்டிக்கொண்டு திரிந்த உன்னை எவ்வளவு ஓட்டியிருக்கிறோம்.

வகுப்பு எதற்கு என்று தெரிந்தால் நீ சிரிப்பாய். வானத்தில் இன்னதென்று தெரியாத ஏதோ பறக்கிறது என்று தகவல் வந்தால் தீயணைப்பு, போலீஸ், ஆம்புலன்ஸ் ஆட்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லித்தந்தார்கள். தகவல் சொன்னவரைக் கேலி செய்யக்கூடாது. விழுந்து கிடப்பதைத் தொடக்கூடாது. கடைசியாக ஒன்று: எல்லோரும் வானத்தைப் பார்க்கும்போது ஒருவர் மட்டும் கூட்டத்தைப் பார்த்து நிற்க வேண்டும். மற்றவர்கள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மாமல்லபுரத்தில் அந்தச் சாயங்காலம் உனக்கு மறந்திருக்காது. கடலுக்கு மேலே வெளிச்சம் நிற்கிறது என்று அழைப்பு வந்து போனோம். கிழக்குக் கடற்கரைச் சாலை முழுக்க ஜனம். பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு டிரைவரே அண்ணாந்து நின்றார். இறங்கிய வேகத்தில் நாங்களும் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். வெளிர்பச்சையாக ஒன்று, அசையாமல் நின்றது. நீ மட்டும் எங்களைப் பார்த்துத் திரும்பி நின்றாய்.

“எனக்குக் கயுத்து வளையாது மச்சான். நீங்கோ வானத்தப் பாருங்கோ, நான் ஜனத்தப் பாத்துகினு கீறேன்.”

கொஞ்ச நேரத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண், மேலே பார்த்தபடியே பின்னால் நடந்து சாலைக்குள் இறங்கிவிட்டாள். லாரி வந்துகொண்டிருந்தது. நீ பாய்ந்து இழுத்ததை எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை. குழந்தை வீறிட்ட பிறகுதான் திரும்பினோம். மறுபடி நிமிர்ந்தபோது வானத்தில் ஒன்றுமில்லை.

அது பலூனா, டிரோனா, வேறெதுவா, இன்றுவரை யாருக்கும் தெரியாது. நிலையம் வந்து சேரும்வரை நீ என்னைக் குடைந்துகொண்டே வந்தாய். “எப்டி இருந்துச்சி? ஒயுங்கா சொல்லு.” எத்தனை முறை சொன்னாலும் உனக்குப் போதவில்லை. அடுத்த முறை வந்தால் கழுத்துப் பட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு நான் பார்ப்பேன், கூட்டத்தை நீ பார்த்துக்கொள் என்றாய். சரி என்றேன். போன மழைக்காலத்தில் மாரடைப்பு உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இந்த வகுப்பு வைத்ததே போன வாரம் வந்த அழைப்பால்தான். அதே கரை, மறுபடியும் வெளிச்சம். நம் ஆட்கள் கையை நீட்டிக் காட்டிக் கூப்பிட்டார்கள். நான் திரும்பவில்லை. உன்னிடம் சொன்ன சொல் இருக்கிறதே. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சாலையோரம் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, எல்லோரும் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் உன்னிடம் மறைப்பானேன், காவலுக்காக மட்டும் நான் பார்க்கவில்லை. இந்தத் தடவை நீ வேடிக்கை பார்க்க வேண்டிய தடவை அல்லவா மச்சான்? அண்ணாந்திருந்த அத்தனை முகங்களிலும் உன் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.