ஒரு மாதம் குறைத்துச் சொன்னவளுக்கு

அம்மா, வயிற்றில் தடவிய மருந்தின் வாடை போர்வையில் ஏறிவிட்டது. காலையில் ஸ்கேன் திரையைப் பார்த்தபடியே டாக்டர் நீளமான ஊசியை இறக்கி, பிள்ளையைச் சுற்றியிருக்கும் பனிக்குட நீரில் கொஞ்சம் எடுத்தார். வெளிறிய வைக்கோல் நிறம். நாகர்கோவிலில் எல்லாவற்றையும் பார்க்க முடியாதாம், அந்த நீரைத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். அழற்சியைக் காட்டும் புரதங்கள் நீரில் கூடியிருந்தால் பிள்ளை சீக்கிரமே வந்துவிடக்கூடும். கூடாதிருந்தால் இன்னும் சில வாரம் உள்ளே இருக்க வழியுண்டு. என்னால் படுக்க முடியவில்லை. புரண்டுகொண்டே இருக்கிறேன்.

"அக்கா, ஒரு பக்கமாக் கெடங்க. உருண்டா ரிசல்ட் சீக்கிரம் வந்துருமா?" என்கிறாள் நர்ஸ்.

முதல் பிள்ளையின்போது இந்தச் சோதனை எதுவும் இல்லை. நீ இருந்தாய். சுசீந்திரத்தில் பஸ் ஏறுவதற்குள் யாராவது மாசம் கேட்பார்கள். நான் வாய் திறக்குமுன் நீ ஒன்றைக் குறைத்துச் சொல்லிவிடுவாய். நம் வீட்டில் அது பொய்யில் சேராது. கண்ணு படாமல் பிள்ளையை மறைத்து வைப்பது. ஸ்கேன் அறையிலும் நீ விடவில்லை.

"அஞ்சு மாசம், டாக்டர்."

"பிள்ளைக்க தலை ஆறு மாசம்னுல்லா சொல்லுது. நான் யாரை நம்ப?"

நீ என் காதருகே குனிந்தாய். "மிசினுக்கும் கண்ணு உண்டு, கேட்டியா. அதுக்க முன்னால சிரிக்காத."

அடக்க முடியாமல் நான் சிரித்ததில் திரையில் பிள்ளையும் குலுங்கியது.

அடுத்த மாதமே அது வந்துவிட்டது. ஒரு பகல் முழுக்க மூச்சுக்குப் போராடிவிட்டுப் போனது.

வீடு திரும்பிய பிறகு, முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாய்: "ஏட்டி, நான் கொறச்சுக் கொறச்சுச் சொன்னதுனாலதான் அது மாசம் கொறஞ்சு வந்துட்டுதோ?"

"பைத்தியம் மாதிரி பேசாதம்மா."

"பின்ன எதுனாலட்டி?"

எனக்குத் தெரியவில்லை. எத்தனையோ புத்தகம் படித்திருந்தும். நீ மறுபடி கேட்கவில்லை. ஆனால் தெருவில் கர்ப்பிணிகள் எதிரே வந்தால் மறுபக்கம் ஒதுங்கிவிடுவாய். கல்யாண வீடுகளில் அவர்கள் பக்கத்தில் உட்கார மாட்டாய். கேள்வியை வைத்துக்கொண்டே போயும் சேர்ந்துவிட்டாய்.

இப்போது முடிவு வந்திருக்கிறது. புரதங்கள் கூடவில்லை. "இப்போதைக்குப் பயமில்லை. சத்தியம் பண்ணித் தரமாட்டேன்" என்றார் டாக்டர்.

சந்தோஷப்படக்கூடப் பொறுமை இல்லாமல் கேட்டேன்: "அப்போ முதல் பிள்ளை எதனால சீக்கிரமே வந்தது டாக்டர்?"

"அந்தத் தண்ணிய அன்னைக்கு யாரும் எடுத்துப் பாக்கலியேம்மா. உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா பல பேருக்கு வலி தெரியதுக்கு முன்னாலயே கிருமி உள்ள போய் அழற்சி தொடங்கிரும். தாய்க்குக் காய்ச்சல்கூட இருக்காது."

பாதி பதில்தான், அம்மா. ஆனால் இந்தப் பாதியே உனக்குப் போதுமாயிருந்திருக்கும். கிருமிக்கும் உடம்புக்கும் நடுவே, சத்தமில்லாமல், அந்த நீருக்குள் நடந்திருக்கக்கூடிய காரியம் அது. எந்த வாய்ச்சொல்லும் அங்கே போய் எட்டாது. உன்னால் இல்லை அம்மா. உன்னால் இல்லவே இல்லை.

உள்ளே பிள்ளை புரள்கிறது. பதில் கையில் இருக்க, கேட்டவளிடம் அதை எப்படிக் கொண்டுசேர்ப்பது என்று தெரியாமல் நானும் புரள்கிறேன்.