வலது பக்கத்துப் புல்லாங்குழல்

2 ஆகஸ்ட் 1998, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். மாடியில் போட்ட துணி எதுவும் காயவில்லை. கெமிஸ்ட்ரி ரெக்கார்டில் நாலு படம் பாக்கி.

சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் டாடி வழக்கம்போல ஸ்டீரியோ முன்னால். கல்யாணத்துக்கு முன்பு வாங்கிய செட். வெள்ளி முகம் வைத்த ஆம்ப்ளிஃபையர், கேசட் டெக், மரப் பெட்டியில் இரண்டு ஸ்பீக்கர், நடுவில் அவர் நாற்காலி. இந்த வீட்டில் என்னைவிட சீனியர். மரியாதையும் என்னைவிட அதிகம்.

இடது பக்கம் கிடாரும் வலது பக்கம் புல்லாங்குழலும் மாறி மாறிப் பேசிக்கொள்ளுமே, அந்தப் பாட்டு. பாதியில் நிறுத்தினார்.

"புல்லாங்குழல் பக்கத்து வீட்ல வாசிக்கற மாதிரி இருக்கு."

"அப்போ கரெண்ட் பில்லை அவங்களையே கட்டச் சொல்லலாம்," என்றேன். டாடி வலது ஸ்பீக்கரையே முறைத்துக்கொண்டிருந்தார்.

வலது ஸ்பீக்கர் போய்விட்டது என்பது தீர்ப்பு. முதல் சந்தேகம் என்மேல்தான். போன வருஷம் ஏப்ரல் ஒன்றாம் தேதி பாலன்ஸ் குமிழை முழுக்க இடது பக்கம் திருப்பி வைத்தவள் ஆயிற்றே. எழுந்து போய்ப் பார்த்தார். குமிழ் நடுவில்தான் இருந்தது.

மதியம் கோழிக் குழம்பு. மம்மி: "தள்ளிட்டுப் புதுசு வாங்குங்க. சிவாஜிநகர்ல எக்ஸ்சேஞ்ச் ஓடுது. பாடினாலும் சரி, பாடாட்டியும் சரி, எடுத்துக்கறாங்களாம். பாதி ஹாலை இதுவே முழுங்கிடுச்சு."

நான்: "அது ஸ்டீரியோ இல்ல மம்மி, ஸ்டீல் பீரோ."

மம்மிக்குச் சிரித்துப் புரையேறியது. டாடி சோறு பிசைந்துகொண்டிருந்தார். நான் உட்காருவது அவருக்கு வலது பக்கம், முழங்கை இடிக்கும் தூரம். முன்பெல்லாம் என் அறுவைக்கு முதல் சிரிப்பு அவருடையது. கொஞ்ச மாதங்களாக இல்லை. பழகிவிட்டது.

4 ஆகஸ்ட், செவ்வாய்

மழை இல்லை. கடைசி பீரியட் கட். வீட்டில் யாரும் இல்லை.

அதே பாட்டைப் போட்டேன். வலது ஸ்பீக்கர் நன்றாகப் பாடுகிறது. வயரை மாற்றி மாட்டிப் பார்த்தேன். எப்படி மாட்டினாலும் இரண்டும் நன்றாக இருக்கிறது.

சொன்னால், இதே ஸ்டீல் பீரோ. சொல்லாவிட்டால், மூன்று சி.டி. போடும் புதுசு. என் ஓட்டு எதற்கென்று எழுத வேண்டியதில்லை.

ஸ்பீக்கர் கெடவில்லை என்றால் கெட்டது எது?

சாயங்காலம் டாடி: "எக்ஸ்சேஞ்ச்காரன் ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துட்டுப் போறானாம். சந்தோஷமாடி?"

"சூப்பர் டாடி."

சந்தோஷமா என்று உள்ளே பார்த்தேன். ஒன்றும் இல்லை. வாழைப்பழம் இரண்டு தின்றேன்.

6 ஆகஸ்ட், வியாழன்

வியாழக்கிழமைக் கோயில் கூட்டம். தெரு முழுக்க ஆட்டோ, மெழுகுவர்த்திக் கடை. டாடி ஸ்கூட்டரில் டியூஷனுக்குக் கொண்டுபோய் விட்டார். மெயின் ரோடில் வலது பக்கம் திரும்பும்போது பின்னாலிருந்து பஸ். ஹார்ன். மறுபடி ஹார்ன். டாடி அவர்பாட்டுக்குத் திரும்புகிறார். பஸ் ஒடித்துக்கொண்டு நின்றது. என் முழங்காலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு நோட்டுப் புத்தகம் நுழையும், அவ்வளவுதான்.

டிரைவர் தலையை நீட்டிக் கன்னடத்தில் கத்தினான். "கிவி கேள்ஸல்வா?" காது கேட்காதா என்று.

டாடி என்னிடம்: "ஹார்ன் அடிக்காம வந்துட்டுத் திட்டறான் பாரு."

அடித்தான். எனக்குக் காது வலித்தது.

டியூஷனில் சார் கேட்ட கேள்விக்குச் சரியாகவே பதில் சொன்னேன்.

8 ஆகஸ்ட், சனி

மேகமூட்டம். மம்மி மார்க்கெட்டுக்கு.

"டாடி, ஸ்பீக்கர் கெடல."

"பின்னே?"

"உங்க வலது காது."

"விளையாட இதான் கிடைச்சுதா?"

எதிர்பார்த்ததுதான். என் பேச்சை இந்த வீட்டில் யார் நம்புவார்கள். பெரிய ஹெட்போனை ஆம்ப்பில் செருகி அவர் தலையில் மாட்டினேன். பாட்டு.

"கிடார் இருக்கு. குழல் இல்ல."

கழற்றி, இடதை வலதாக மாற்றி மாட்டினேன்.

"குழல் வந்துடுச்சு." கொஞ்சம் பொறுத்து, "இப்ப கிடாரைக் காணோம்."

அவரே கழற்றினார். மாற்றினார். திரும்பவும் மாற்றினார். பாலன்ஸ் குமிழைத் தொட்டுப் பார்த்தார்.

"இது உன் வேலையாடி?"

"இல்ல டாடி."

என் வேலையாக இருந்தால் தேவலை.

"ஃபேக்டரியில பிரஸ் மிஷின் எப்பவும் இந்தப் பக்கம்தான்," என்றார், வலது காதைத் தொட்டு. ஹெட்போன் மடியில். பிறகு குனிந்து ஆம்ப்பில் இத்தனை வருஷமாக யாரும் தொடாத குட்டி சுவிட்ச் ஒன்றைத் தட்டினார். மோனோ. இரண்டு பக்கமும் கலந்து இரண்டிலும் வரும். இடது காதில் மட்டும் வைத்துக் கேட்டார்.

"ரெண்டும் வருது."

கெமி. படம் ஒன்று முடித்தேன். ஒன்றுதான்.

9 ஆகஸ்ட், ஞாயிறு

வெயில். எக்ஸ்சேஞ்ச்காரர் புது செட்டோடு வந்துவிட்டார். நீல விளக்கு, மூன்று சி.டி. தட்டு. கறுப்பு அழகன்.

டாடி: "இதுல மோனோ சுவிட்ச் எங்கே?"

"மோனோவா? இந்தக் காலத்துல அது யாருக்கு வேணும் சார்? பேஸ் பாருங்க, ஜன்னல் ஆடும்."

"எனக்கு வேணும்பா."

பெட்டி திரும்ப ஆட்டோவில் ஏறியது. என் கறுப்பு அழகன் போனதற்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

மம்மி: "வேணாம்னா முன்னாடியே சொல்றதுக்கு இன்னா? அந்தாளு முன்னாடி மானம் போச்சு." டாடி சமையலறைக்குள் போனார். மம்மி பாத்திரம் கழுவும் சத்தம், அவர் குரல் மெதுவாக. குழாய் நின்றது. ரொம்ப நேரம் திறக்கவில்லை.

10 ஆகஸ்ட், திங்கள்

மறுபடி தூறல். ஸ்கூட்டர் சாவி ஆணியிலேயே. டாடி பஸ்ஸில் போனார். புதன்கிழமை காது டாக்டர்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு மேஜைக்கு அந்தப் பக்கம் போய் டாடிக்கு இடது பக்கம் உட்கார்ந்தேன். அது மம்மியின் இடம். மம்மி பார்த்தாள், என் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ரசம். அப்பளம்.

"டாடி, அது ஸ்டீரியோ இல்ல, ஸ்டீல் பீரோ."

அப்பளத்தை உடைத்த கை நின்றது. தோள் குலுங்கியது முதலில், பிறகுதான் சத்தம். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இதை எப்பக் கண்டுபிடிச்சே?"

மம்மி என்னைப் பார்த்தாள்.

"இப்பத்தான் டாடி," என்றேன்.