படகின் சரித்திரம் கேட்டிருந்தாயே

காளிகாட்,
சாதாரண வருஷம் கார்த்திகை 20

சிரஞ்சீவி பட்டாபிராமனுக்கு அம்மா அநேக ஆசீர்வாதம். நீ கிளாஸ்கோ குளிரில் இருமல், ஜுரம் எதுவும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் க்ஷேமம் என்றுதான் இதுவரை உனக்குக் கடிதம் வந்துகொண்டிருந்தது, இன்றைக்கு அப்படி எழுத எனக்கு மனசு வரவில்லை.

நீ அப்பாவுக்கு எழுதினது முந்தாநாள் வந்தது. நாலு பக்கமும் டெய்ஸி படகைப் பற்றியே. யார் கட்டினது, எந்த வருஷம், என்ன மரம் என்று முழுச் சரித்திரமும் வேண்டும், டன்ஸ்டன் துரை அங்கே படகுச் சங்கத்தில் பதியப்போகிறார், பிறகு படகையே பத்திரமாகக் கப்பலேற்றி அனுப்பிவிட வேண்டும், நீ அங்கேயே இருந்துவிடப் போகிறாய் என்று எழுதியிருக்கிறாய். கடைசி வரியில் அப்பா சௌக்கியமா என்று ஒரு வார்த்தை. சரித்திரத்தை நானே எழுதுகிறேன், வாசித்துக்கொள்.

கட்டினது பலாகட் ஊர் ஹரன் மிஸ்திரி, அப்பா துரையின் ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்த மறு வருஷம். பர்மா தேக்கு, செப்பு ஆணி, இருபத்திரண்டு அடி, ஒற்றைப் பாய்மரம். துரை தன் பெண்சாதி பேரை அதற்கு வைத்தார். உனக்கு எட்டு வயசிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் உன்னை ஏற்றிக்கொண்டு போவார், சாயங்காலம் வெய்யிலில் முகம் கறுத்துத் திரும்பி வந்து இலையில் சோறு ஆற ஆறக் காற்றையும் பாயையும் பற்றியே பேசுவாய். அப்பா ஒரு நாளும் அதில் ஏறினதில்லை, தண்ணீரைக் கண்டால் அவருக்குத் தலை சுற்றும். துரை ஊருக்குப் போகும்போது கப்பல் பட்டறையில் தொழில் கற்றுத் தருகிறேன் என்று உன்னைக் கூட்டிப்போனார், மூன்று வருஷத்தில் பையன் வந்துவிடுவான், அதுவரை படகு உன் பொறுப்பு என்று அப்பாவிடம் சொன்னார். அது ஆயிற்று நாலரை வருஷம்.

துரை கப்பலேறின மறு மாதமே வெள்ளைக்காரக் கிளப்பில், அவர்கள் துறையில் ஒரு குமாஸ்தா பாபு பேரில் படகு நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அப்பா அதைக் கிதிர்ப்பூர் படித்துறைக்குக் கொண்டுபோய்க் கட்டிவைத்து, கரீம் என்கிற படகுக்காரனைக் காவலுக்கு வைத்தார். கடல் பொங்கி ஆற்றில் எதிரேறிவருகிற பான் அலை அடிக்கும் அமாவாசை, பௌர்ணமிகளில் படகைக் கரையில் விட்டால் படியில் மோதி நொறுங்கிவிடும், முன்னதாகவே நடு ஆற்றுக்கு இழுத்துப்போக வேண்டும் என்பது உனக்கே தெரியும். அந்த நாளெல்லாம் அப்பா வெய்யிலில் போய் நின்றுவிடுவார். கரீம் பார்த்துக்கொள்ள மாட்டானா என்று கேட்டால், "பையன் வந்து கேட்டா நான்னா பதில் சொல்லணும்" என்பார்.

இந்த மஹாளய அமாவாசையன்று தர்ப்பணம் முடித்து, ஈர வேஷ்டி மாற்றினதும் ஓடினார். துறைமுகத்தில் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே அலை வந்துவிட்டது. கரீம் துடுப்பை எடுப்பதற்குள் படகு படியை நோக்கித் திரும்பியிருக்கிறது, அப்பா குனிந்து கையால் தள்ளியிருக்கிறார். வலது கை கல்லுக்கும் படகுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. கரீம்தான் இடுப்பளவுத் தண்ணீரில் குதித்து அவரைத் தூக்கிவந்தான். மூன்று விரலை எடுத்துவிட்டார்கள். படகுக்கு ஒரு கீறல்கூட இல்லை. எழுத முடியாத குமாஸ்தா எதற்கு என்று ஐப்பசி முடிவதற்குள் ஆபீசிலும் அனுப்பிவிட்டார்கள். உனக்குத் தெரியக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார், அதை இன்றைக்கு மீறிவிட்டேன்.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினபோது அப்பா, "நல்ல பெட்டியா அடிக்கச் சொல்லணும், தேக்குக்கு உப்புக்காத்து ஆகாது" என்றார். நேற்று நானே கரீமைக் கூப்பிட்டு, படகு இனி உன்னுடையது, ஓட்டிக்கொண்டு போ என்று சொல்லிவிட்டேன். பாபு சொல்லட்டும் மா என்று அவன் வாசலிலேயே நின்றான். அப்பா எழுந்து வந்தார், சண்டை போடுவார் என்று பார்த்தேன். "பாய்க்கயிறு இத்துப்போயிருக்கு, மாத்திண்டு ஓட்டச் சொல்லு" என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். இன்று காலை கரீம் அதை டைமண்ட் ஹார்பருக்கு மீன் பிடிக்க ஓட்டிப்போய்விட்டான். துரையிடம் சொல்லிவிடு.

இன்னொன்று. ஐப்பசியில் உனக்கு வந்த இரண்டு கடிதமும் அப்பா கைப்பட எழுதினதல்ல, அவர் சொல்லச் சொல்ல உன் தங்கை ராஜலக்ஷ்மி எழுதினது. பதினொரு வயசுக் குழந்தையின் கோணல் எழுத்து. போன வருஷம் அனுப்பின போட்டோவில் படகின் பின்பக்கம் வர்ணம் உரிந்திருந்ததைக் கண்டுபிடித்து எழுதினவன் நீ. அப்பாவின் எழுத்து மாறினது உன் கண்ணில் படவில்லை.

கம்பளிச் சட்டையைக் கழற்றாதே. தீர்க்காயுசாக, நோய்நொடி இல்லாமல் இரு, எங்கே இருந்தாலும் இரு. அடுத்த தபாலில் அப்பாவுக்கு எழுது, அவரைப் பற்றி மட்டும் கேட்டு எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா
காமு