திறப்பு நாளுக்கு முந்தின மாலை

வெர்னன்,

இன்று ட்ரவுட் மீன் சீசன் திறக்கிறது. மீன்வளக் காவல் டியூட்டிக்கு விடியுமுன்பே வில்லோ ஓடைக்குக் கிளம்பிவிட்டேன். அடுப்பில் பீன்ஸ் சூப் இருக்கிறது, சூடாக்கிக் குடி. ஆஸ்பத்திரிக்கு உன் அப்பாவின் கம்பளிச் சட்டையை மறக்காமல் எடுத்துப் போ.

நேற்று மாலை அவர் தூண்டில் போட்டதைப் பார்த்தும் பாராததுபோல் போயிருக்கலாம் என்றாய். அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டாய். அதே கரையில் நேற்றுக் காலையில்தான், சீசன் திறக்குமுன் தூண்டில் போட்டதற்காக, பக்கத்து வீட்டு ஹார்லனுக்கு அபராதம் எழுதியிருந்தேன்.

"நாளைக்கு என் வயித்தைக் கிழிக்கப் போறாங்க மருமகளே, எனக்கு ஏது திறப்பு நாள்?" என்றார் உன் அப்பா. அவருக்கும் அபராதம் எழுதினேன்.

கார் சாவி மேசைமேல்.

மேவிஸ்

பி.கு.: மீனை அவரே தண்ணீரில் விட்டார். "உன் வேலையைத்தானே செஞ்சே" என்று என் தோளைத் தட்டினார். அதற்குப் பதில் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.