பத்து மணிப் பால்

ஜூலை 14, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், அம்மாக்கள் என்னிடம் விட்டுப்போகிற பிள்ளைகளின் தொட்டில் துணி ஒன்றும் காயவில்லை. சோப்பு முடிந்தது, கேட்க வேண்டும்.

செல்வி இன்றும் கடித்துவிட்டாள். ரெண்டு வயதுக்கு அந்தப் பல்லா! லெட்சுமி மகன் தருணின் கையில் பதிந்து கிடந்தது. தேங்காய் எண்ணெய் தடவி ஊதிவிட்டேன். பத்து மணிக்கு வந்து அவனுக்குப் பால் கொடுத்துவிட்டு, கொழுந்து பறிக்க மலைக்குத் திரும்பிய லெட்சுமி, அழுகை கேட்டுப் பாதி வழியில் ஓடி வந்தாள்.

"பொறவிக் கொணம்க்கா இது. இன்னொரு தடவ கடிச்சா, தோட்டத்து ஐயாகிட்ட சொல்லி இந்தப் புள்ளய வெளிய போடச் சொல்லிருவேன்."

செல்வியின் அம்மா குவைத்தில், வீட்டு வேலையில். அப்பாவும் மலைக்குப் போய்விடுவான். இங்கிருந்து வெளியே போட்டால், தனியாகப் பூட்டிய லயத்து வீடுதான் அவளுக்கு.

ராத்திரிக்கு ரொட்டி, நேற்றைய சம்பல். பேச ஆளில்லை.

ஜூலை 15, செவ்வாய்

மழை. காலையெல்லாம் செல்வி தங்கம். பத்து மணிக்கு அம்மாக்கள் பால் கொடுக்க வந்து அவரவர் பிள்ளையை மடியில் போட்டதும் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவர்கள் போனதும் கடிக்கப் பாய்ந்தாள், நல்லவேளை பிடித்துவிட்டேன். அடச்சே, கடியெல்லாம் பத்து மணிக்கு அப்புறம்தான்; இத்தனை நாள் எனக்குப் புத்தி எங்கே போயிற்று?

கடிக்கவென்றே பிறந்தவளா? எனக்கென்ன தெரியும். பெற்றிருந்தால்தானே.

ஜூலை 16, புதன்

பத்து மணிக்கு அவளை என் மடியில் இருத்திக்கொண்டேன். என் வளையலை உருட்டிக்கொண்டே இருந்தாள். கடி இல்லை. நாள் முழுக்கச் சந்தோஷம். இந்த வயதில் வெட்கமாகவும் இருந்தது.

சோப்பு வரவில்லை.

ஜூலை 18, வெள்ளி

கொஞ்சம் வெயில். துணி காய்ந்தது.

பத்து மணி. மடியிலிருந்த செல்வி சட்டென்று இறங்கி லெட்சுமியிடம் போனாள். கடிக்கப் போகிறாள் என்று பிடிக்க எழுந்தேன். தருண் பால் குடித்துக்கொண்டிருந்தான். செல்வி அவன் கையில் தான் கடித்த தழும்பின் மேல் விரல் வைத்து, வாயைக் குவித்து ஊதினாள்.

"இவளுக்கு யாரு சொல்லிக் குடுத்ததுக்கா?"

"நான் சொல்லலம்மா."

சொல்லவில்லைதான். நான் ஊதியதைப் பார்த்திருப்பாள். பார்த்தால் மட்டும் வந்துவிடுமா? தெரியவில்லை.

லெட்சுமி மறுபக்கத்து மடியைத் தட்டினாள். "வாடி கழுத, நீயும் குடி."

செல்வி அவளிடம் போய்விட்டாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இனி யாரும் அவளை வெளியே போடமாட்டார்கள். நல்லதுதான். ஆனாலும் அழுகை வந்தது. துணி மடிக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

சாயங்காலம் தேத்தண்ணி வைக்கும்போது கேத்தல் கையைச் சுட்டுவிட்டது. நானே ஊதிக்கொண்டேன்.