ஊமை ஹாரன்

பாய்,

நேற்று அந்த வாசனை மறுபடியும் வந்தது. யாரோ கான்ட்ராக்டரின் ஜீப் எங்கள் ஊர்ச் சரிவில் நின்றுபோய், டிரைவர் பானெட்டைத் தூக்கி வைத்துத் தலையைச் சொறிந்துகொண்டிருந்தான். வேடிக்கை பார்க்கக் கிட்டே போனேன். சூடேறின அரக்கு வாசனை. கால் உதற ஆரம்பித்துவிட்டது. "இன்னா மாமா, குளுருதா?" என்றான். வெயில் மண்டையைப் பிளக்கிறது. உன் ஜீப்பைப் பார்த்து வெட்கம் வந்துவிட்டதப்பா என்று சொல்லிச் சமாளித்தேன்.

உன் லாரியும் இப்படித்தானே இருந்தது. வாணியம்பாடியில் தோல் பதனிடுகிற ஷாப்புகளுக்குக் கடுக்காய் ஏற்ற நீ மலைக்கு வருவாய். காய் பொறுக்கிக் காயவைத்து மூட்டை போடுகிற ஆட்களுக்கு நான் மேஸ்திரி. நன்றாக ஓடி வந்து நிற்கிற வண்டி, அப்புறம் ஸ்டார்ட் பண்ணச் செல்பை அழுத்தினால் கடக் என்று ஒரு சத்தத்தோடு சரி. கீழே போய்ப் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றி வந்தாலும் அதே கதை. டீசல் வண்டி, சரிவில் உருட்டிக் கியரில் விட்டால் பேட்டரி செத்திருந்தாலும் உயிர் வந்துவிடும். அதனால் எப்போதும் மூக்கு பள்ளத்தைப் பார்க்க நிறுத்துவாய். கைபிரேக்கை நம்ப முடியாது. முன்சக்கரத்துக்கு இரண்டு கல் முட்டுக்கொடுப்பது என் வேலை.

"உன் வண்டி பள்ளிக்கூடம் போற புள்ள மாதிரி பாய், தள்ளி வுட்டாத்தான் போவுது" என்பேன்.

"உன்னத் தள்ளி வுட்டும் போவலியே மச்சான்" என்பாய்.

எங்கள் ஆட்கள் வேறு கணக்கு வைத்திருந்தார்கள். வண்டி வந்து நின்ற கொஞ்ச நேரத்தில் அதன் பக்கம் குங்கிலியம் போட்ட மாதிரி ஒரு வாசனை வரும். அம்மன் வந்து வண்டியின் சக்தியை எடுத்துக்கொண்டு போகிறாள் என்று பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். முன்னால் எலுமிச்சம்பழம் கட்டினார்கள். நீயும் கட்டட்டும் என்று விட்டுவிட்டாய். ஆனால் வாசனையைப் பற்றி உன்னிடம் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. சாமி வந்து போவதை வெளியாளிடம் சொன்னால் அப்புறம் வராது என்று எங்களுக்குப் பயம். உனக்கோ மூக்குப்பொடி போட்டுப் போட்டு எந்த வாசனையும் தெரியாது.

அன்று மத்தியானம் நீ புங்க மரத்தடியில் துண்டை விரித்துத் தொழுதுகொண்டிருந்தாய். வெயிலுக்கு ஒதுங்கி நான் உன் சீட்டில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தேன். களி கிண்ட அடுப்புக் கூட்டிய பெண்களுக்குக் கல் போதவில்லை. சக்கரத்தடியில் நல்ல கல் இரண்டு சும்மா கிடக்கிறதே என்று எடுத்துப் போய்விட்டார்கள்.

வண்டி அசைந்தது. பின்னால் மூட்டை ஏற்றுகிறார்கள் என்று நினைத்தேன். பக்கத்து மரம் பின்னால் போனபோதுதான் வண்டி உருளுகிறது என்று தெரிந்தது.

பாதை போய் முடிகிற இடத்தில் ஓடை. என் பெண்டாட்டி, இடுப்பில் சின்னவளோடு, எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்து தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். மழைத் தண்ணீர், ஓடை இரைந்து போகிறது. நான் கத்தினது அவளுக்குக் கேட்கவில்லை. வண்டியில் எனக்குத் தெரிந்தது ஹாரன் ஒன்றுதான். அழுத்தினேன். சத்தமே இல்லை. கட்டைவிரல் வெளுத்துப் போகிற அளவுக்கு அழுத்தினேன். அந்தப் பட்டன் மாதிரி ஒரு ஊமையை நான் பார்த்ததில்லை பாய். அவள் ஜடையில் கட்டியிருந்த சிவப்பு நாடா வரைக்கும் தெரிந்துவிட்டது.

தொழுகையைப் பாதியில் விட்டு நீ எப்படி ஓடி வந்தாயோ. கதவைத் திறந்து என் மடிமேலேயே விழுந்தாய். பிரேக்கை மிதித்தால் சரளையில் சக்கரம் வழுக்குகிறது. கியரைப் போட்டு கிளட்சை விட்டாய். எஞ்சின் உறுமிப் பிடித்தது, கரண்ட் வந்து அதோடு ஹாரனும் அலறியது, என் விரல் இன்னும் பட்டனில்தான் இருந்தது. அவள் திரும்பிப் பார்த்து ஒரு பக்கம் தாவினாள். நீ வண்டியை மறுபக்கம் மண்மேட்டில் ஏற்றி நிறுத்தினாய். என் விரலைப் பிடித்து எடுத்த பிறகுதான் சத்தம் ஓய்ந்தது.

"இன்னாய்யா, வெளையாட எடமே கெடைக்கலியா உங்களுக்கு?" என்று வந்தவள், நம் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து குழந்தையைத் தடவித் தடவிப் பார்த்தாள். நீ மேலே ஏறிப் போய், அதே துண்டில், தொழுகையை முதலிலிருந்து ஆரம்பித்தாய். நெற்றியைத் தரையில் வைத்தவன் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

அடுத்த தடவை சார்ஜ் ஏற்றின பேட்டரியோடு வந்தாய். கரண்டுத் திருடனைப் பிடிக்காமல் மூட்டை ஏற்ற மாட்டேன் என்றாய். எஞ்சினை நிறுத்தி, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பேட்டரி ஒயரைக் கழற்றித் தொட்டுக் காட்டினாய். சுரீரென்று பொறி. எதுவும் ஓடாதபோது பொறி வந்தால் எவனோ கரண்டைக் குடிக்கிறான் என்று அர்த்தம் என்றாய். விளக்கு ஒயரைக் கழற்றிவிட்டு மறுபடி பேட்டரியில் தொட்டாய், பொறி. ஹாரன் ஒயர், பொறி. டைனமோவிலிருந்து வருகிற ஒயரைக் கழற்றினதும் பொறி இல்லை. திரும்ப மாட்டிவிட்டு டைனமோமேல் என் கையை வைக்கச் சொன்னாய். எஞ்சின் ஆறிக்கொண்டு வர, இது மட்டும் சுட்டுக்கொண்டிருந்தது. குனிந்தேன். குங்கிலிய வாசனை.

"இதான் பாய் அந்த வாசன" என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"இத்தன நாளா ஏன் சொல்லல?"

"வெளியாளுங்ககிட்ட சொல்லக் கூடாது."

நீ பக்கத்திலிருந்த சின்னப் பெட்டியைத் திறந்தாய். எஞ்சின் நின்றால் பிரியவேண்டிய இரண்டு குமிழ் ஒட்டிக்கிடந்தன. டைனமோ பேட்டரியை நிரப்புகிற மடை இது, மூடாமல் போனதால் நிரப்பினது அத்தனையும் டைனமோவுக்கே திரும்பி ஓடி அதன் கம்பிமேல் பூசின அரக்கைச் சுடுகிறது என்றாய். கத்தி முனையால் பிரித்து உப்புத்தாளால் தேய்த்தாய். தேய்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாய்: "நான் வெளியாளா மச்சான்?"

எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கிற வாய் இது. அன்றைக்கு உன் கையிலிருந்த உப்புத்தாளை வாங்கி மீதியை நான் தேய்த்தேன்.

போன மழைக்கு உன் தம்பி வந்து, அண்ணன் மவுத்தாயிட்டாரு என்றான். என் பெண்டாட்டி அன்று அடுப்பு மூட்டவில்லை.

நேற்று அந்த ஜீப் டைனமோமேல் கை வைத்தேன். சுட்டது. டிரைவரிடம் பக்கத்துச் சின்னப் பெட்டியைத் திறந்து குமிழைத் தேய்க்கச் சொல்லிவிட்டு, முன்சக்கரத்தில் கல்லைக் கொடுத்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டேன். அடுப்புக்குக் கல் வேணும், கொஞ்சம் நவுரு மாமா என்று ஒருத்தி வந்தாள். என் இடுப்புக்கு இந்தக் கல்தான் தோது, வேறு பார்த்துக்கோ என்றேன். சிரித்துக்கொண்டு போனாள். கீழே ஓடையில் யாராவது குனிந்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். டிரைவர் வேலையை முடித்துவிட்டு பேட்டரியில் மிச்சமிருந்த கரண்டில் ஹாரனை ஒரு தரம் அடித்துக் காட்டினான். அதைக் கேட்ட பிறகுதான் பாய், கல்லை விட்டு எழுந்தேன்.